கைப்பேசிக் கதிர்வீச்சு: கோபுரத்திலிருந்து எவ்வளவு, கையிலிருந்து எவ்வளவு?

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கமோ நடக்கும்போது அண்ணாந்து பார்த்தால், கடைவீடுகளின் உச்சியிலும் அடுக்குமாடிகளின் மொட்டை மாடியிலும் வெள்ளை நிறத்தில் நீளமான பெட்டிகள் கம்பத்தில் கட்டப்பட்டிருப்பது தெரியும். அவைதான் கைப்பேசி நிறுவனங்களின் அலைவாங்கிகள். தாமான்களில் தனிக் கோபுரமாக நிற்கும். சில சாலைகளில் விளக்குக் கம்பம் போலவே நிற்பதால் யாரும் கவனிப்பதில்லை. கவனித்துவிட்டால் கேள்விகள் எழுகின்றன. இதற்குக் கீழே குடியிருந்தால் புற்றுநோய் வருமா? பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகுமா? இரவில் தலையணைக்கு அடியில் பேசியை வைத்துத் தூங்கலாமா?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பலருக்கு வியப்பாக இருக்கும். கைப்பேசி பயன்படுத்தும் ஒருவரின் உடலுக்குள் போகும் வானொலி அலையில் பெரும்பங்கு கோபுரத்திலிருந்து வருவதில்லை, காதில் ஒட்டி வைத்திருக்கும் பேசியிலிருந்து வருகிறது. அந்தக் கோபுரம் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, பேசி அவ்வளவு அதிகமாக அலையை வெளியிடும். கோபுரத்தைத் துரத்திவிட்டால் கதிர்வீச்சு குறைந்துவிடும் என்ற எண்ணம் பேசியைப் பயன்படுத்தாதவருக்கு வேண்டுமானால் பொருந்தும். பயன்படுத்துபவருக்கு நிலைமை நேர்மாறாகவும் ஆகலாம்.

ஒரே சொல், இரண்டு பொருள்

மலேசியத் தமிழர்களுக்குக் ‘கதிர்வீச்சு’ என்ற சொல் புதிதல்ல. பேராக் மாநிலம் புக்கிட் மேராவில் 1982-இல் இயங்கத் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து ஊர்மக்கள் 1985-இல் நீதிமன்றம் போனார்கள். 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994-இல் நிறுவனம் தானாகவே ஆலையை மூடியது. பிறகு குவாந்தான் கெபெங்கில் லைனஸ் ஆலை வந்தபோது அதே அச்சம் திரும்பி வந்தது. அதிகாரிகள் ‘பாதுகாப்பானது’ என்று சொன்னால் உடனே நம்பிவிடக் கூடாது என்ற பாடத்தை மக்கள் அங்கிருந்துதான் கற்றார்கள். அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் தோரியத்தின் கதிர்வீச்சும் கைப்பேசியின் கதிர்வீச்சும் ஒரே இனம் அல்ல. தோரியம், யுரேனியம், எக்ஸ்-ரே ஆகியவற்றிலிருந்து வருவது அயனியாக்கும் கதிர்வீச்சு. அது அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும், செல்லுக்குள் இருக்கும் மரபணு இழையை அறுக்கும். கைப்பேசியும் வைஃபையும் வானொலி நிலையமும் பயன்படுத்துவது வானொலி அலை. அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றலோடு ஒப்பிட்டால், கைப்பேசி அலையின் ஒரு துகளிடம் இருக்கும் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. துகள்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் அந்த வேலை நடக்காது. எண்ணிக்கை கூடும்போது நடப்பது சூடேறுவதுதான். மைக்ரோவேவ் அடுப்பில் சோறு சூடாவதும் இப்படித்தான். அதனால்தான் உலகம் முழுவதும் இதற்கான வரம்புகள் சூட்டை அடிப்படையாக வைத்து எழுதப்பட்டிருக்கின்றன.

வரம்பு எப்படி வந்தது?

ஐசிஎன்ஐஆர்பி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அனைத்துலக ஆணையம் ஒன்று ஜெர்மனியில் இயங்குகிறது. அயனியாக்காத கதிர்வீச்சுக்கு வழிகாட்டி எழுதுவது அதன் வேலை. 1998-இல் எழுதிய வழிகாட்டியை 2020-இல் 5ஜியையும் கருத்தில் கொண்டு புதுப்பித்தது. கணக்கு கடினமானதல்ல. உடலின் ஒவ்வொரு கிலோ எடையும் 4 வாட் அளவு அலையை உள்வாங்கினால் உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய ஒரு டிகிரி உயரும். தீங்கு தொடங்கக்கூடிய இடம் அது. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது கிலோவுக்கு 0.4 வாட், கோபுரம் ஏறி வேலை செய்யும் தொழிலாளருக்கான வரம்பு. பொதுமக்களில் குழந்தை, முதியவர், நோயாளி எல்லாரும் அடங்குவதால் அதையும் ஐந்தால் வகுத்து 0.08 வாட் என்று வைத்தார்கள். ஆக, தீங்கு தொடங்கும் அளவில் ஐம்பதில் ஒரு பங்கு.

இது முழு உடலுக்கான கணக்கு. பேசியைக் காதில் வைக்கும்போது ஓரிடத்தில் மட்டும்தான் அலை பாய்கிறது. அதற்குத் தனி எண் உண்டு. தலையிலும் உடம்பிலும் எந்தப் பத்து கிராம் திசுவை எடுத்தாலும் கிலோவுக்கு 2 வாட்டைத் தாண்டக் கூடாது, கை கால்களில் 4 வாட். பேசிப் பெட்டியோடு வரும் தாளில் எஸ்ஏஆர் என்று போட்டிருப்பது இந்த அளவுதான். அமெரிக்கா 1.6 வாட் என்று வைத்திருக்கிறது, அதுவும் ஒரு கிராம் திசுவின் சராசரி. ஐரோப்பா 2 வாட் முறையைப் பின்பற்றுகிறது. இந்தியா 2012-இல் அமெரிக்க முறைக்கு மாறியது.

கோபுரத்துக்கு வேறு அளவுகோல். வீட்டு வாசலில் நிற்பவரின் உடலுக்குள் எவ்வளவு போகிறது என்று அளக்க முடியாது. அவர் நிற்கும் இடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாட் அலை வந்து விழுகிறது என்று அளக்கலாம். பொதுமக்களுக்கான வரம்பு அலைவரிசைக்கு ஏற்ப மாறும். 700 மெகாஹெர்ட்ஸுக்கு 3.5 வாட், 900-க்கு 4.5 வாட், 1800-க்கு 9 வாட், 2000-க்கு மேல் 10 வாட். 5ஜியின் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் இந்தக் கடைசி வகையில் அடங்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண்: உச்சி வெயிலில் திடலில் நிற்பவர் மீது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் விழுகிறது. வெயில் தோலோடு நின்றுவிடும், வானொலி அலை கொஞ்சம் உள்ளேயும் போகும் என்பதால் இது சரிசமமான ஒப்பீடு அல்ல. அளவைப் புரிந்துகொள்ள மட்டும் உதவும்.

மலேசியாவில் யார் கையில்?

சைபர்ஜெயாவில் தலைமையகம் வைத்திருக்கும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம், அதாவது எம்சிஎம்சி, 2010-இல் அலைக்கோபுரங்களுக்கான மின்காந்த அலை வெளியீடு பற்றிக் கட்டாயத் தரநிலை ஒன்றை வெளியிட்டது. அதன் அடிப்படை ஐசிஎன்ஐஆர்பி எண்கள்தான். அளந்து பார்க்கும் தொழில்நுட்பம் பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி நிறுவனத்திடம் இருக்கிறது. பெயரில் அணு இருந்தாலும், அயனியாக்காத அலைகளை அளக்கும் பிரிவும் அங்கு உண்டு. கோபுரம் எங்கே நிற்கலாம் என்ற கட்டட அனுமதியோ ஊராட்சி மன்றத்தின் கையில். பிரிக்பீல்ட்ஸ் என்றால் கோலாலம்பூர் மாநகர் மன்றம், கிள்ளான் என்றால் 2024-இல் மாநகராகத் தரம் உயர்ந்த கிள்ளான் அரச மாநகர் மன்றம். அலையின் அளவு பற்றி ஊராட்சி மன்றத்திடமும், கட்டட அனுமதி பற்றி எம்சிஎம்சியிடமும் போய் நின்று, இது எங்கள் வேலை இல்லை என்ற பதிலோடு திரும்பும் குடியிருப்பாளர்கள் இந்தப் பிரிவினையைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பேசிக் கருவிகளைச் சோதித்துச் சான்றிதழ் தருவது ஷா ஆலமில் உள்ள சிரிம். சான்று பெற்ற பேசிக்கு எம்சிஎம்சி முத்திரையும் எண்ணும் உண்டு. ‘ஏபி செட்’ என்று கடைகளில் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும் நேரடி இறக்குமதிப் பேசிகள் பல இந்த வழியில் வருவதில்லை. பிரபல நிறுவனத்தின் அசல் பேசியாக இருந்தால் அதன் எஸ்ஏஆர் எண் வேறொரு நாட்டில் சோதிக்கப்பட்டிருக்கும். போலியாக இருந்தால் எங்கும் சோதிக்கப்பட்டிருக்காது. முத்திரை இல்லாத பேசியில் கவலைப்பட வேண்டிய முதல் விஷயம் கதிர்வீச்சுகூட அல்ல, பேட்டரியும் சார்ஜரும்தான்.

கோபுரத்துக்கு அடியில்

அலைவாங்கி நாலாப் பக்கமும் சமமாக அலையைக் கொட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கலங்கரை விளக்கம் போல வேலை செய்கிறது. அலை தட்டையான ஒரு கற்றையாக, அடிவானத்தை நோக்கி, கொஞ்சம் கீழே சாய்ந்து போகிறது. கற்றை தரையைத் தொடுவது கோபுரத்திலிருந்து சில நூறு அடி தள்ளித்தான். கோபுரத்துக்கு நேர் கீழே இருக்கும் வீட்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓரத்தில் சிந்தும் மிச்சம்தான். தூரம் இரண்டு மடங்கானால் அளவு நான்கில் ஒன்றாகிவிடும். கற்றை தரையைத் தொடும் இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அது பரவி மெலிந்துவிடுகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் பல நாட்டு அளவீடுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட தகவலின்படி, மக்கள் நடமாடும் இடங்களில் கைப்பேசிக் கோபுர அலை அனைத்துலக வரம்பில் 0.002 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடு வரை இருந்தது. அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. ஒரே அளவு அலை விழுந்தாலும், கைப்பேசிக் கோபுர அலையைவிட எஃப்எம் வானொலி, தொலைக்காட்சி அலைகளை மனித உடல் ஐந்து மடங்கு வரை அதிகமாக உள்வாங்கும். எஃப்எம் அலையின் நீளம் மனித உயரத்தோடு ஒத்துப்போவதுதான் காரணம். மின்னல் எஃப்எம் கேட்டுக்கொண்டே கைப்பேசிக் கோபுரத்தைப் பற்றிக் கவலைப்படும் வீடுகள் ஏராளம். வானொலி அலைக்கு எதிராக யாரும் பதாகை பிடித்ததாகத் தெரியவில்லை.

கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. அலைவாங்கிப் பெட்டியின் நேர் முன்னால், சில மீட்டருக்குள், வரம்பைத் தாண்ட வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் மொட்டை மாடியில் அந்தப் பகுதிக்குத் தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் வைக்கிறார்கள். துணி காயப்போடவோ, தண்ணீர்த் தொட்டி பழுதுபார்க்கவோ, குளிரூட்டி மாட்டவோ மாடிக்கு ஏறுபவர் அந்தப் பெட்டியின் முகத்துக்கு நேரே நின்று வேலை செய்யக் கூடாது. இப்படி ஏறுவது பெரும்பாலும் குத்தகைத் தொழிலாளர்கள். அவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பது, தாமான் கூட்டங்களில் பேசப்படும் பல அச்சங்களைவிட உண்மையான பிரச்சினை.

கையில் இருக்கும் கோபுரம்

இனி பேசிக்கு வருவோம். 2ஜி பேசி 900 மெகாஹெர்ட்ஸில் உச்சமாக 2 வாட் வெளியிடும். எட்டில் ஒரு பங்கு நேரமே அது அலை அனுப்புவதால் சராசரி கால் வாட். 4ஜி பேசியின் உச்சம் 0.2 வாட். கோபுரத்தோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஆனால் கோபுரம் ஐம்பது, நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கிறது, பேசியோ காதிலிருந்து ஒரு செண்டிமீட்டரில். இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது தூரம்தான்.

பேசி எப்போதும் உச்சத்தில் இயங்குவதில்லை. கோபுரம் ‘நீ பேசுவது நன்றாகக் கேட்கிறது, குறைத்துக்கொள்’ என்று நொடிக்குப் பல முறை அதற்குக் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் பேசி உச்சத்தில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். சிக்னல் ஒரு கோடு, அரைக் கோடு என்று தடுமாறும் இடத்தில் முழு மூச்சில் கத்தும். பேட்டரி சீக்கிரம் காலியாவதும், பேசி காதில் சுடுவதும் அங்கேதான்.

இதன் பொருள், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் அலைவாங்கிக்கு எதிரே குடியிருப்பவரின் பேசியைவிட, செம்பனைத் தோட்டத்து லயத்தில் வாசலுக்கு வந்து, வேலியோரம் போய், கையை உயர்த்திச் சிக்னல் தேடிப் பேசும் பாட்டாளியின் பேசி பல மடங்கு அதிகமாக அலை வெளியிடுகிறது. செம்பனை மட்டையும் ஈரமான இலையும் அலையை விழுங்கும். தகரக் கூரை தடுக்கும். மின்தூக்கியிலும் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்திலும், வண்டி ஓட ஓடக் கோபுரம் மாறிக்கொண்டே இருக்கும் எல்ஆர்டி பெட்டிகளிலும் இதே கதைதான். தோட்டத்துக்கு ஒரு கோபுரம் கேட்டு மனுக் கொடுப்பவர்களும் தாமானில் கோபுரம் வேண்டாம் என்று மனுக் கொடுப்பவர்களும் ஒரே செய்தித்தாளில் அடுத்தடுத்த பக்கத்தில் வருவதுண்டு. கதிர்வீச்சுக் கணக்கு மட்டும் பார்த்தால் முதல் மனுவில்தான் நியாயம் அதிகம்.

2021 இறுதியில் மலேசியா 3ஜி சேவையை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பர் 15-இல் டிஜிட்டல் நேஷனல் நிறுவனம் கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயாவின் சில பகுதிகளில் 5ஜியைத் தொடங்கியது. 5ஜி என்றதும் புலனத்தில் சுற்றிய கதைகள் நினைவிருக்கலாம். 2020 ஏப்ரலில் பிரிட்டனில் கொரோனாவைப் பரப்புவது 5ஜிதான் என்று நம்பிக் கோபுரங்களுக்குத் தீ வைத்தார்கள். மலேசியாவின் 5ஜி பெரிதும் பயன்படுத்தும் 700 மெகாஹெர்ட்ஸ், 3.5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் வேற்றுலகத்திலிருந்து வந்தவை அல்ல. முதலாவது, தொலைக்காட்சி ஒளிபரப்பு விட்டுக்கொடுத்த இடம். இரண்டாவது, வீட்டு வைஃபை பயன்படுத்தும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸுக்கு நடுவில் இருக்கிறது.

விற்பனைக்கு வந்த பேசி வரம்பைத் தாண்டுமா? தாண்டியிருக்கிறது. 2023 செப்டம்பரில் பிரான்ஸ் நாட்டு அலைவரிசை வாரியம் கடைகளில் வாங்கிய ஐபோன் 12-ஐச் சோதித்தது. கையில் பிடிக்கும்போதும் கால்சட்டைப் பையில் வைக்கும்போதும் உள்ள அளவு கிலோவுக்கு 5.74 வாட் என்று வந்தது. கை கால்களுக்கான வரம்பு 4. உடனே விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். சோதனை முறையில்தான் வேறுபாடு என்று ஆப்பிள் வாதிட்டாலும், பிரான்சுக்காக மென்பொருளைப் புதுப்பித்துக் கொடுத்தது. அந்தப் பேசி வெளியாகி மூன்று ஆண்டு ஆகியிருந்தது. இந்த வரம்பில் பத்து மடங்கு இடைவெளி விட்டிருப்பதால் யாருக்கும் தீங்கு நேர்ந்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் யாரோ ஒருவர் கடையில் வாங்கி அளந்து பார்த்ததால்தான் அது வெளியே வந்தது என்பதும் உண்மை.

புற்றுநோய் வருமா?

2011 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 14 நாடுகளிலிருந்து 31 அறிவியலாளர்களைக் கூட்டி, வானொலி அலையை ‘2பி’ பிரிவில் சேர்த்தது. ‘புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்’ என்பது அதன் பொருள். ஆசிய பாணியில் போடும் காய்கறி ஊறுகாயும் அதே பிரிவில் இருக்கிறது. இந்தப் பிரிவு ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை, சான்று எவ்வளவு உறுதி என்பதை மட்டும் சொல்கிறது. 2பி என்றால் சந்தேகப்பட ஏதோ இருக்கிறது, நிரூபணம் இல்லை.

அந்தச் சந்தேகத்துக்கு முக்கியக் காரணம் 13 நாடுகளில் நடந்து 2010-இல் வெளியான ‘இன்டர்ஃபோன்’ ஆய்வு. மொத்தத்தில் மூளைக்கட்டி அதிகரிக்கவில்லை. ஆனால் வாழ்நாளில் 1640 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களிடம் ஒருவகை மூளைக்கட்டி 40 விழுக்காடு அதிகம் தெரிந்தது. கட்டி வந்தவரிடம் ‘பத்து வருடத்துக்கு முன் எவ்வளவு நேரம் பேசினீர்கள்’ என்று கேட்டால், நோய்க்குக் காரணம் தேடும் மனம் கூட்டிச் சொல்லும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் பேசியதாகச் சொன்னவர்களும் அந்த ஆய்வில் இருந்தார்கள். ஆய்வாளர்களே இதை வைத்துக் காரணம் சொல்ல முடியாது என்று எழுதினார்கள்.

பின்னர் வந்த ‘காஸ்மோஸ்’ ஆய்வு இந்தக் குறையைத் தவிர்க்க, ஐந்து ஐரோப்பிய நாடுகளில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை நோய் வருவதற்கு முன்பே சேர்த்துக்கொண்டு பின்தொடர்ந்தது. 2024-இல் வந்த முடிவில், அதிகம் பேசியவர்களுக்கும் குறைவாகப் பேசியவர்களுக்கும் மூளைக்கட்டியில் வேறுபாடு இல்லை. அதே ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் கேட்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தலைமையில் 63 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் அதே முடிவு வந்தது. 1990-களிலிருந்து கைப்பேசிப் பயன்பாடு எங்கேயோ போய்விட்டது. மூளைக்கட்டி எண்ணிக்கை அதோடு சேர்ந்து ஏறவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் எலிகளைத் தினம் ஒன்பது மணி நேரம், இரண்டு ஆண்டு, முழு உடலிலும் அலைக்கு உட்படுத்தியது. 2018-இல் வந்த முடிவில் ஆண் எலிகளின் இதயத்தில் ஒருவகைக் கட்டிக்குத் ‘தெளிவான சான்று’ இருந்தது. மிகக் குறைந்த அளவு பெற்ற எலிகளுக்கே பொதுமக்களின் முழு உடல் வரம்பைப்போல் ஏறக்குறைய 19 மடங்கு கொடுக்கப்பட்டது. பெண் எலிகளில் அது தெளிவாகத் தெரியவில்லை. அலை பட்ட ஆண் எலிகள் படாத எலிகளைவிட நீண்ட நாள் வாழ்ந்தன என்பது ஆய்வாளர்களையே குழப்பியது. 2025-இல் வந்த விலங்கு ஆய்வுத் தொகுப்பு ஒன்று இந்த எலிச் சான்றை வலுவானது என்று மதிப்பிட்டது. 2பி முடிவை மறுபடி ஆராய வேண்டும் என்று புற்றுநோய் அமைப்பின் ஆலோசகர்கள் பரிந்துரைத்திருக்கிறார்கள். ஆகவே கோப்பு இன்னும் மூடப்படவில்லை.

சிட்டுக்குருவியும் நீதிமன்றமும்

2018-இல் ரஜினிகாந்த் நடித்து, ஷங்கர் இயக்கி வந்த ‘2.0’ படம் கிள்ளான் பள்ளத்தாக்குத் திரையரங்குகளிலும் ஓடியது. கைப்பேசி அலையால் பறவைகள் சாவதைக் கண்டு கொதிக்கும் பறவை ஆய்வாளர்தான் வில்லன். படம் வருமுன்பே இந்தியக் கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. படத்துக்குப் பிறகு ‘குருவி அழிந்ததற்குக் கோபுரம்தான் காரணம்’ என்பது பலருக்கு முடிந்த முடிவாகிவிட்டது. 2020-இல் வந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை வேறு மாதிரிச் சொன்னது. நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவி எண்ணிக்கை இருபத்தைந்து ஆண்டாக ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்திருக்கிறது. குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி இல்லாததும், கூடு கட்டப் பொந்தில்லாத கண்ணாடிக் கட்டடங்களும்தான் நகரங்களில் பேசப்படும் காரணங்கள்.

இந்திய நீதிமன்றங்கள் இரண்டு விதமாகவும் தீர்ப்பளித்திருக்கின்றன. குவாலியரில் பக்கத்து வீட்டு மாடியில் சட்டத்துக்குப் புறம்பாக வைக்கப்பட்ட கோபுரத்தால் தனக்குப் புற்றுநோய் வந்ததாக ஒரு வீட்டுப் பணியாளர் வழக்குத் தொடுத்தார். 2017-இல் உச்ச நீதிமன்றம் அதை மூடச் சொன்னது. 2021-இல் நடிகை ஜூஹி சாவ்லா 5ஜிக்கு எதிராகப் போட்ட வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் விளம்பரத்துக்கானது என்று தள்ளி, 20 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. அந்தத் தொகை பின்னர் 2 லட்சமாகக் குறைக்கப்பட்டது. 2012 செப்டம்பரில் இந்தியா கோபுர வரம்பை அனைத்துலக அளவில் பத்தில் ஒன்றாகக் குறைத்ததையும் மலேசியாவில் மனுக் கொடுப்பவர்கள் மேற்கோள் காட்டுவதுண்டு. சாதாரணமாக அளக்கப்படும் அலை அந்தக் குறைந்த வரம்புக்கும் கீழே இருப்பதால், இரண்டு நாட்டுக் குடியிருப்பாளருக்கும் நடைமுறையில் பெரிய வேறுபாடு இல்லை.

பதக்கம், ஒட்டுவில்லை வியாபாரம்

அச்சம் இருக்கும் இடத்தில் வியாபாரமும் வரும். பேசியின் முதுகில் ஒட்டும் பொன்னிற வில்லை, ‘குவாண்டம்’ பதக்கம், எதிர்மின் அயனிக் காப்பு என்று இணையத்திலும் இரவுச் சந்தையிலும் கிடைக்கிறது. வில்லை உண்மையிலேயே அலையைத் தடுத்தால் பேசி சிக்னல் கிடைக்காமல் இன்னும் உரக்கக் கத்தும். அமெரிக்க வாணிப ஆணையம் மக்களுக்குச் சொல்லும் எச்சரிக்கையே இதுதான். பதக்கத்தின் கதை இன்னும் மோசம். 2021 டிசம்பரில் நெதர்லாந்து அணுப் பாதுகாப்பு ஆணையம் 5ஜியிலிருந்து காக்கும் என்று விற்கப்பட்ட பதக்கம், காப்பு, தூங்கும்போது கண்ணை மூடும் பட்டை என்று பத்துப் பொருள்களைச் சோதித்தது. அவற்றிலிருந்து அயனியாக்கும் கதிர்வீச்சு வந்தது. உடனே கழற்றி, மூடிய உறையில் பத்திரமாக எடுத்து வைக்கும்படி மக்களுக்கு அறிவித்தார்கள். குழந்தைகள் அணியும் காப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. கைப்பேசியில் இல்லாத அந்த வகைக் கதிர்வீச்சைப் பெற்றோர் காசு கொடுத்து வாங்கிப் பிள்ளைக்கு மாட்டியிருக்கிறார்கள்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

பேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாலே உடலுக்குள் போவது பெருமளவு குறைந்துவிடும். ஒலிபெருக்கியில் பேசுவது, இயர்போன் மாட்டுவது, குறுஞ்செய்தி அனுப்புவது எல்லாம் அந்த வகை. சிக்னல் மோசமான இடத்தில் நீண்ட பேச்சைத் தள்ளிப்போடலாம். வீட்டில் வைஃபை இருந்தால் அதன் வழியாகவே அழைக்கலாம். தன் பேசியின் எஸ்ஏஆர் எண்ணைப் பார்க்க விரும்புபவர் *#07# என்று அழுத்திப் பார்க்கலாம், பல பேசிகளில் அது திரையில் வரும். 1.2 உள்ள பேசி 0.6 உள்ளதைவிட இரண்டு மடங்கு ஆபத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது உச்ச சக்தியில் எடுத்த அளவு, அன்றாடப் பயன்பாட்டில் சிக்னலின் தரம்தான் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது.

தலையணைக்கு அடியில் வைப்பது வேறு காரணத்துக்காகவே தவறு. மூடிய இடத்தில் சார்ஜ் ஏறும் பேட்டரி சூடாகித் தீப்பிடிக்கலாம். பிள்ளைகள் விஷயத்தில், பிரான்ஸ் 2010-லேயே 14 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைக்கும் கைப்பேசி விளம்பரத்தைத் தடை செய்தது. அலைக்காக அஞ்சினாலும் அஞ்சாவிட்டாலும், தூக்கத்துக்கும் கண்ணுக்கும் அது நல்லதே செய்யும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது உடனடி விஷயம். பேசியைக் கருவியிலிருந்து குறைந்தது 15 செண்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும், சட்டையின் மேல்பையில் போடக் கூடாது, கருவி இல்லாத பக்கத்துக் காதில் வைத்துப் பேச வேண்டும். புதிய ஐபோன்களின் முதுகில் உள்ள காந்தமும் பேஸ்மேக்கரைத் தொந்தரவு செய்யலாம். தாத்தா பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள் புதுப் பேசி வாங்கிக் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது பேசியின் மாதிரியைச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

பேசியால் உயிர் போவதற்கு நிரூபணமான வழி மோட்டார் சைக்கிளிலும் காரிலும் இருக்கிறது. வண்டி ஓட்டிக்கொண்டே கையில் பேசியைப் பிடித்தால் 300 வெள்ளி குற்றப்பதிவு. தலைக்கவசத்துக்குள் பேசியைச் செருகிக்கொண்டு கூட்டரசு நெடுஞ்சாலையில் போகிறவர் மூளைக்கட்டியைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய வயதை எட்டுவதே சந்தேகம்.

கோபுரம் வருகிறது என்றால்

பக்கத்தில் கோபுரம் எழும்பத் தொடங்கினால் முதலில் ஊராட்சி மன்றத்தில் அனுமதி உண்டா என்று எழுத்து வழியாகக் கேட்க வேண்டும். அனுமதியில்லாத கோபுரத்தை அகற்றக் கேட்பதற்கு உடல்நலக் காரணமே தேவையில்லை. அடித்தளம், இடிதாங்கி, ஜெனரேட்டர் இரைச்சல், வடிகாலை மறித்தல் ஆகியவற்றையும் அங்கேயே கேட்கலாம். கட்டி முடித்தபின் அலையின் அளவில் ஐயம் இருந்தால் எம்சிஎம்சியிடம் புகார் கொடுத்து அளவீட்டு அறிக்கை கேட்கலாம். அறிக்கையில் எந்த இடத்தில், எந்த நாளில் அளந்தார்கள், வரம்பில் எத்தனை விழுக்காடு என்ற மூன்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இணையத்தில் நூறு, இருநூறு வெள்ளிக்கு வாங்கிய அளவுக்கருவியை வைத்துக்கொண்டு பயப்படுபவர்களும் உண்டு. அதில் பல மைக்ரோவாட்டில் எண் காட்டும். சதுர மீட்டருக்கு 5000 என்று திரையில் வந்தால் பெரிதாகத் தெரியும். 10 வாட் வரம்பை அதே அலகில் எழுதினால் ஒரு கோடி. 5000 என்பது அதில் 0.05 விழுக்காடு.

அடுக்குமாடிகளில் மொட்டை மாடியை அலைவாங்கிக்கு வாடகைக்கு விட்டிருந்தால், குடியிருப்பாளர்கள் தங்கள் கூட்டு நிர்வாகக் குழுவிடம் கேட்க வேண்டியவை இன்னும் சில உண்டு: மாதம் எவ்வளவு வாடகை, எந்தக் கணக்கில் சேர்கிறது, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, மாடிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி பழுதுபார்க்க ஆள் ஏறும்போது அலைவாங்கியை நிறுத்திவைக்க யாருக்குத் தொலைபேசி செய்ய வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேட்டு அதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லலாம்.